முதல் நாளே "சைனஸ் ஆபரேஷன்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னையில் சைனஸ் தொல்லைக்காக ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் போய், போன அன்றைக்கே "ஆபரேஷன் பண்ணிடலாம்" என்ற பேச்சைக் கேட்டவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் மாட்டிக்கொண்ட தனியார் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற விஷயம், வெளியே பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

சைனஸ் ஆபரேஷனே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்பட்டவர்களுக்கு அது நல்ல சிகிச்சை. என் அலுவலகத்திலேயே பாலிப் (மூக்குக்குள் வளரும் மென்மையான சதைக் கட்டி) எடுத்து நிம்மதியாக இருக்கிற ஒருவர் உண்டு. என் புகார் வேறு. ஆபரேஷனை முடிவு செய்தவர் ஒருவர், கத்தி பிடித்தவர் இன்னொருவர், பிறகு மூக்கைப் பார்க்க வேண்டியவர் என்று அங்கே யாருமே இல்லை.

எனக்குச் சில வருடமாக மூக்கடைப்பு. வங்கி கவுன்டர் வேலை, தலைக்கு நேர் மேலே ஏசி. கன்னத்தில் கனம், தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருக்கும், குனிந்தால் கண்ணுக்குப் பின்னால் வலி. இதெல்லாம் பழகிவிட்டது. வாசனை போனதுதான் பயமாக இருந்தது. பால் அடிப்பிடித்து வீடெல்லாம் வாடை, ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஓடி வருகிறார், அடுப்புப் பக்கத்திலேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு கேஸ் கசிந்தாலும் இதே கதிதானே? அத்தை தன் பங்குக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பார், ராத்திரியில் நீர்க்கோவை மாத்திரையை உரசி நெற்றியில் பற்றுப் போடுவார். தெருமுனை டாக்டர் போகும்போதெல்லாம் அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் எழுதுவார். கொஞ்சம் தேவலை என்றிருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

அந்த நேரத்தில்தான் "இலவச சைனஸ் முகாம்" பேனர் கண்ணில் பட்டது. அண்ணன் கூட வந்தான். கன்சல்டேஷன் மட்டும்தான் இலவசம். அங்கேயே சிடி ஸ்கேன், அதற்குப் பணம். டாக்டர் படத்தை விளக்குத் திரையில் மாட்டி, பேனாவால் தட்டிக் காட்டினார். "மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு. சதை வளர்ந்திருக்கு. சைனஸ் எல்லாம் வீங்கியிருக்கு. மருந்துக்கெல்லாம் கேட்காது." இதற்கு முன்னால் என்ன மருந்து போட்டேன் என்று கேட்கவே இல்லை. அலர்ஜி உண்டா, வீசிங் உண்டா, ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை ஒத்துக்கொள்ளுமா, மேல் கடைவாய்ப் பல்லில் தொல்லை உண்டா, எதுவும் கேட்கவில்லை. எனக்கு அன்று நல்ல ஜலதோஷம். ஜலதோஷத்தோடு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வீக்கம் தெரியும் என்பது பிற்பாடு இன்னொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த அறையில் கவுன்சிலர் என்று ஒரு பெண். அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்ஷூரன்ஸ் எவ்ளோ கவர் மேடம்?" தொகையைச் சொன்ன பிறகுதான் பேக்கேஜ் பிறந்தது. லேட்டஸ்ட் டெக்னாலஜி, ரத்தமே வராது, மூணாம் நாள் வேலைக்குப் போகலாம், வாழ்நாளுக்கும் திரும்ப வராது. கூடவே குரலைத் தாழ்த்தி, "எவ்ளோ நாளா இருக்குன்னு இன்ஷூரன்ஸ்ல கேட்டா ஆறு மாசம்னு சொல்லிடுங்க மேடம், அப்பதான் ஈஸியா பாஸ் ஆகும்." அண்ணனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அதெல்லாம் சொல்ல மாட்டோம்மா. உள்ளதை எழுதுங்க" என்றான். அவன் அப்படிச் சொன்னது பெரிய விஷயம். சைனஸ், மூக்குத் தண்டு வளைவு இரண்டுமே பல பாலிசிகளில் 2 வருடக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும், அதாவது பாலிசி எடுத்து 2 வருடம் கழித்துத்தான் பணம் கிடைக்கும். என் பாலிசி அதைத் தாண்டியது, பொய்க்குத் தேவையே இல்லை. சொல்லியிருந்தால் தகவலை மறைத்ததாக கிளெய்மையே நிராகரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்திருக்கும். மாட்டுவது நாம், கவுன்சிலர் அல்ல.

முறையாக என்ன நடந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். மூக்கடைப்பும் சளியும் 12 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட சைனஸ் என்கிறார்கள். பெரும்பாலும் அது மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள சைனஸ் காற்றறைகளிலும் இருக்கிற உள்தோலின் அழற்சி. அதனால்தான் ஆன்டிபயாடிக்கை அள்ளி அள்ளிப் போட்டும் எனக்குத் தீரவில்லை. முதலில் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயும் உப்பு நீர்க் கழுவலும், விடாமல் இரண்டு மூன்று மாதம். ஸ்ப்ரேயை மூக்கின் நடுச்சுவரை (மூக்குத் தண்டு என்பது இதுதான்) பார்த்து அடிக்கக் கூடாது, அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், ஜலதோஷம் இல்லாத நாளில் ஸ்கேன். அதன் பிறகு ஆபரேஷன் பேச்சு. பெரிய பாலிப், பூஞ்சை, கண்ணையோ மூளையையோ நெருங்கும் தொற்று என்றால் இவ்வளவு காத்திருக்க முடியாது; எனக்கு அதில் எதுவும் இல்லை. மூக்குத் தண்டு லேசாக வளைந்திருப்பது எத்தனையோ பேருக்கு உண்டு. மூச்சு தடைபடாவிட்டால் அதைத் தொட வேண்டியதே இல்லை. அந்தச் "சதை"யும் எல்லார் மூக்கிலும் பக்கச் சுவரில் இருக்கிற மடிப்பு, டர்பினேட்தான். ஜலதோஷத்தில் வீங்கும், வற்றும். எனக்குப் பாலிப்பே கிடையாது.

ஆபரேஷன் நாளன்று தியேட்டர் வாசலில், பச்சை கவுன் போட்ட பிறகு, ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என்னென்ன செய்வார்கள் என்ற இடம் காலியாக இருந்தது. "டாக்டர் ஃபில் பண்ணுவார் மேடம், டைம் ஆகுது." மயக்கம் தெளிந்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சைனஸ் திறப்பு, மூக்குத் தண்டு சரிசெய்தது, இரண்டு பக்க டர்பினேட் குறைப்பு. சர்ஜன் என்று போட்டிருந்த பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். முகாமில் பார்த்தவர் இல்லை. வெளியிலிருந்து வந்து போகும் டாக்டர். சமீரா கோலி என்ற நோயாளி போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: எதற்கு ஒப்புதல் கொடுத்தோமோ அதைத்தான் செய்யலாம், உயிருக்கு ஆபத்து என்றாலொழிய கூடுதலாக எதையும் சேர்க்கக் கூடாது. காலிப் படிவத்தை என்னவென்று சொல்வது?

இனி வலி. மூக்கில் வைத்த பஞ்சு ஈரத்தில் உப்பி இறுகும் ரகம். ராத்திரி முழுக்க வாயால் மூச்சு, நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் காது அடைக்கும். மறுநாள் பயிற்சி டாக்டர் வந்து, நனைக்கக்கூடச் செய்யாமல் நூலைப் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளம் எங்கே இருந்தது என்று அண்ணன் முகம் வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான். ரத்தமே வராது என்றார்களே, ட்ரே நிறைய வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னது ஒரே வரி: "உப்புத் தண்ணி ஊத்துங்க மேடம்." எந்தத் தண்ணீர்? எங்கள் வீட்டில் பாதி போர்வெல் தண்ணீர், பாதி மெட்ரோ குழாய்த் தண்ணீர். பச்சைத் தண்ணீரை மூக்குக்குள் விடவே கூடாது. மூளையைத் தின்னும் அமீபா பற்றிக் கேரளச் செய்திகளில் படித்திருப்பீர்கள், அது நுழையும் வழி மூக்குதான். கேன் தண்ணீரானாலும் நன்றாகக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, அதற்கென்றே வரும் பாக்கெட் பொடியைக் கலக்க வேண்டும். பாட்டிலைக் கழுவிக் காய வைக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளாவது மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தண்ணீர்க் குடம் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது, தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? அதைவிட முக்கியமானதும் யாரும் சொல்லவில்லை: குனியும்போது ஒரு பக்க மூக்கில் மட்டும் தெளிந்த தண்ணீர் சொட்டி, உப்புக் கரித்தால் அது சளி இல்லாமல் மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கண் வீங்கினாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கழுத்து விறைத்துக் கடுந்தலைவலி வந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும். எனக்கு இதெல்லாம் வரவில்லை, நல்ல வேளை.

வந்தது பொருக்கு. பச்சையும் கறுப்புமாக உள்ளே கட்டிக்கொண்டு, எனக்கு வாசனை இல்லாததால் தெரியாத நாற்றம், பக்கத்தில் படுத்த மகளுக்குத் தெரிந்தது. சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு எண்டோஸ்கோப் (மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய்) வைத்து இந்தப் பொருக்கையெல்லாம் சில வாரங்களுக்கு அவ்வப்போது சுத்தம் செய்வது சிகிச்சையில் பாதி. செய்யாவிட்டால் புண்ணான இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொள்ளும். நான் போகும்போதெல்லாம் "சார் இன்னைக்கு வரல மேடம்." அவர் வராத இடத்தில் ஒரு ஜூனியர் எட்டிப் பார்ப்பார், எண்டோஸ்கோபி என்று தனி பில். கேட்டால் "ஃபாலோ-அப் பேக்கேஜ்ல வராது." மூணாம் நாள் வேலை என்றார்கள், இரண்டு வாரம் கழித்துப் போயும் மதியத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. இடது பக்கம் முன்னைவிட மோசமாக அடைத்தது.

கடைசியில் கூட வேலை பார்க்கிற அக்கா, "ஏன்டி இங்கயே பணத்தைக் கொட்டுற? ஜி.எச்.சுக்கு வா" என்று இழுத்துப் போனார். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, காது மூக்கு தொண்டைப் பிரிவு. காலையிலேயே வரிசை, ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. கூட்டத்தையும் காத்திருப்பையும் நான் பூசி மெழுக மாட்டேன், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே பார்த்த டாக்டர் மேடம் என் பழைய ஸ்கேனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஸ்ப்ரே எத்தனை மாசம் போட்டீங்கம்மா?" நான் போடவே இல்லை என்றதும் ஒன்றும் பேசாமல் எண்டோஸ்கோப்பை எடுத்தார். இடது பக்கத்தில் டர்பினேட்டும் நடுச்சுவரும் ஒட்டியிருந்ததை எனக்கே திரையில் காட்டினார். மரத்துப்போகும் மருந்து வைத்து, ஒட்டியதைப் பிரித்து, நடுவே சின்ன பிளாஸ்டிக் தகடு வைத்து அனுப்பினார். கழுவும் நீரில் ஸ்டீராய்டு கலந்து ஊற்றச் சொன்னார். இப்போது மூச்சு வருகிறது. காபிப் பொடி வாசனை தெரிகிறது, மல்லிப்பூ இன்னும் இல்லை. "ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காதா மேடம்?" என்று கேட்டேன். "தேவைப்பட்டிருக்கலாம். மருந்து போட்டுப் பார்க்காம யாரும்மா சொல்ல முடியும்?" என்றார்.

பில்லுக்கு வருகிறேன். என் பாலிசிக்கு அறை வாடகை உச்சவரம்பு உண்டு. அந்த வாடகைக்குள் அறை காலி இல்லை என்று மேல் வகை அறையில் போட்டார்கள். வித்தியாசம் வாடகையில் மட்டும்தான் என்று நினைத்தோம். சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும், வாடகையில் எந்த விகிதத்தில் உச்சவரம்பைத் தாண்டினோமோ அதே விகிதத்தில் வெட்டினார்கள். மருந்து, பரிசோதனை, இம்ப்ளான்ட் இவற்றில் அந்த விகித வெட்டு விழக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. அதைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதியதில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. கம்பெனி அசையாவிட்டால் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பில்லில் "நேவிகேஷன்" என்று ஒரு பெரிய தொகை. ஸ்கேன் படத்தை வைத்துக் கருவி எங்கே போகிறது என்று வழிகாட்டும் இயந்திரம் அது. சிக்கலான கேஸ்களுக்கு உண்மையிலேயே உதவும். எனக்கு அதைப் பயன்படுத்தினார்களா? கேஸ் ஷீட், ஆபரேஷன் நோட்ஸ் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்கிறது. அந்த வரியைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்ததால்தான் கிடைத்தது, வாயால் கேட்டபோது "மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் செக்ஷன் லீவு." ஆபரேஷன் நோட்ஸில் நேவிகேஷன் என்ற சொல்லே இல்லை. காலியாக நான் கையெழுத்துப் போட்ட இடம் மட்டும் வேறு கையெழுத்தில், வேறு மையில் நிரம்பியிருந்தது.

வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வந்தது. எல்லாம் மருத்துவ நெறிப்படியே நடந்தது, இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் மறு ஆபரேஷனுக்குக் கட்டணச் சலுகை தருகிறோம் என்றிருந்தது. அண்ணன் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினான்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிறது. தனியே, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் ஒரு புகார். இதே மாதிரி மாட்டியவர்களுக்கு: சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும், சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். ஸ்கேன் சிடி, ஒப்புதல் படிவத்தின் நகல், வரிவரியான பில், ஃபாலோ-அப்புக்குப் போன ஒவ்வொரு ரசீது, எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒப்புதல் படிவத்தின் நகலை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.