போர்டு எரிந்துவிட்டது என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் ஓவன் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். நான் பறிகொடுத்தது புது ஓவனின் விலையில் பாதி. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது பணம் அல்ல.

தொடக்கத்தில் தப்பு என் மீதுதான். இரண்டு வருட எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே அப்பிக் கிடந்தது. துடைக்கச் சோம்பல்பட்டு, சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினேன். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், வெப்பம் 500 டிகிரி செல்சியஸை நெருங்கும், பிசுக்கு எரிந்து சாம்பலாகும். ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தேங்கிய எண்ணெயை முதலில் துடையுங்கள், கம்பித் தட்டுகளை வெளியே எடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வளர்ப்புப் பறவைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றெல்லாம் கையேட்டில் இருந்தது. கிளிகளை மட்டும் மாற்றினேன். (அந்தப் புகை பறவைகளின் உயிருக்கே உலை வைக்கும்.) மற்றவற்றை வாசித்ததோடு சரி.

இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். திரை அணைந்தது. கதவு பூட்டியபடியே நின்றது.

கதவைத் திறந்துவிடுவது ஒரு சின்ன மோட்டார். மின்சாரம் வராவிட்டால் அது அசையாது. அதனால் கதவு திறக்காததைத் தனிப் பழுது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இது எனக்கு அன்று தெரியவில்லை. வந்த டெக்னீஷியனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், "கன்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது சார், லாக் மோட்டாரும் போய்விட்டது" என்றார். கன்ட்ரோல் போர்டு என்பது ஓவனை இயக்கும் மின்னணுப் பலகை.

"கண்ணாடி தெறிக்கும், நீங்கள் வெளியே உட்காருங்கள்" என்று வேறு சொன்னார். என்ன அக்கறை! முக்கால் மணி நேரத்தில் ஓவன் உயிர்பெற்றது. பழைய போர்டைக் கேட்டதற்கு, கம்பெனியில் திருப்பித் தர வேண்டும் என்று பையைத் தட்டிக் காட்டினார். பில்லில் 'சர்வீஸ், பாகங்கள் உட்பட' என்று ஒரே வரி. போகிறபோது ஓவனைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே பாட்டில் ஒன்றையும் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து, ஓவன் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அலமாரியைத் திறக்கப் போனேன். கைப்பிடி சுட்டது. உள்ளே, ஓவனை ஒட்டிய பலகை தேநீர் கொட்டியதுபோல் பழுப்பேறியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேறொருவரை வரவழைத்தேன்.

அவர் ஓவனை வெளியே இழுத்து, "கொஞ்சம் இங்கே வந்து பாருங்கள்" என்று டார்ச் அடித்தார். மேல் தகட்டில் நாணயம் அளவில் ஒரு வில்லை. அதுதான் தெர்மல் ஃபியூஸ். வெப்பம் எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது அதன் வேலை. அதற்கு வரும் இரண்டு வயர்களையும் பிடுங்கி, இரண்டு அங்குலச் சிவப்பு வயர் ஒன்றால் நேராக இணைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் உருகித் தகட்டில் ஒட்டிப்போயிருந்தது. போர்டின் மேல் இரண்டு வருடத் தூசி கலையாமல் இருந்தது. மோட்டாரும் பழையதே.

வயர் பிடுங்கப்பட்டிருந்த அந்த ஃபியூஸின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். நல்லதாக இருந்தால் சத்தம் வரும் என்றார். வரவில்லை. மொத்தம் அரை நிமிடச் சோதனை. சில மாடல்களில் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் மறுபடி வேலை செய்யும். என்னுடையது ஒருமுறை போனால் போனதுதான்.

ஃபியூஸ் ஏன் போனது என்று பார்த்தால், குளிரூட்டும் ஃபேன். பிசுக்கும் பஞ்சுத் தூசியும் அடைத்து, விரலால் தள்ளினாலும் சுற்றவில்லை. போர்டையும் சுற்றியுள்ள மரத்தையும் சூட்டிலிருந்து காப்பது அந்த ஃபேன்தான். அது நின்றது, சூடு ஏறியது, ஃபியூஸ் தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்தது. முதலாமவர் ஃபேனைத் தொடவே இல்லை, காவல்காரனை மட்டும் அப்புறப்படுத்தியிருக்கிறார். அந்த நிலையில் இன்னொரு முறை சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தியிருந்தால்? கிளிகளை மாற்றிய அறைக்கு நாங்களும் ஓடியிருக்க வேண்டும்.

ஸ்பிரேயையும் காட்டினேன். லேபிளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். இந்த வகை ஓவனுக்குள் ரசாயனம் அடித்தால் எனாமல் பூச்சு கெடும். மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த முறை அதுவும் சேர்ந்து புகையும். கதவைச் சுற்றியுள்ள கேஸ்கட் என்ற அடைப்புப் பட்டையில் பட்டால் அது நைந்து சூடு வெளியே கசியும். கேஸ்கட்டைத் தேய்க்கவே கூடாதாம்.

ஃபேனும் ஃபியூஸும் மாற்றியதற்கு ஆன செலவு, முதல் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சுத்தம் செய்யும்போது ஓவன் செத்துப்போனால், முதலில் ஃபியூஸைக் கண் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். அது போயிருந்தால், ஏன் போனது என்றும் கேளுங்கள். போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றும் முன் அதன் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள், பழையதைக் கையில் வாங்குங்கள், புதியதன் பாக எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெளியே உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள்.

முதலாமவரை அனுப்பிய இடத்துக்கு மூன்று முறை பேசினேன். அவர் இப்போது எங்களிடம் வேலை செய்யவில்லை என்கிறார்கள். அந்தச் சிவப்பு வயரைப் பில்லோடு சேர்த்துப் பின் குத்தி வைத்திருக்கிறேன்.