எல்பிஜே எண்ணைக் கையால் எழுதுவதா, டைமரிடம் விடுவதா?

களக்காடு, வள்ளியூர் பக்கம் வாழைத்தார் பழுக்கவைக்கும் அறையில் வெப்பம் பார்க்க ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பெட்டி ஒன்றை மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும். பெட்டி சட்டென்று எழ வேண்டும் என்று எழும்போது லினக்ஸ் படிக்கும் பூட் வரியில், காத்திருப்புக்கான அளவான எல்பிஜே எண்ணை எழுதி வைக்கத் தோன்றும். நாங்கள் எழுதுவதில்லை, சிப்பில் ஒரே வேகத்தில் ஓடும் டைமரிடமே விட்டுவிடுகிறோம்.

மைக்ரோ நொடிக் கணக்கில் காத்திருக்க, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு ஓர் அளவு வேண்டும். கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது ஒரு டிக்குக்குள், எத்தனை சுற்று ஓடும் என்பதுதான் எல்பிஜே. அதைப் பெறும் பழைய வழி, சிப்பில் கணக்கிடும் பகுதியான ஒவ்வொரு கோரும் எழும்போது வெற்றுச் சுற்றை ஓட்டி அளப்பது. கோருக்கு 250 மில்லி நொடி வரை ஆகலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. நாலு கோருக்கு ஒரு நொடி வரை போகும். வேறு நல்ல டைமர் இல்லாத சிப்புக்கு மட்டும் இது சரி.

டைமர் வழியில் அளக்கும் வேலையே இல்லை, ஒரு வகுத்தல்தான். பை 4-ன் டைமர் 54 மெகாஹெர்ட்ஸ். கெர்னலின் ஹெச்இசட், அதாவது நொடிக்கு எத்தனை டிக் என்பது, 250 என்றால் 5,40,00,000-ஐ 250-ஆல் வகுத்து 2,16,000. பூட் பதிவில் 108.00 போகோமிப்ஸ் (கெர்னல் காட்டும் தோராய வேக எண்) என்று வரும். போர்டு மெதுவாக ஓடுகிறது என்று பயப்பட வேண்டாம், அது டைமர் வேகத்தின் இரு மடங்கு மட்டுமே. கோர் 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினாலும் 1500-க்கு ஏறினாலும் அந்த டைமர் மாறாது. இன்டெல் கணினியில் இந்த வேலையை டிஎஸ்சி என்ற உள் எண்ணி செய்கிறது. முதல் கோருக்குக் கணக்கிட்ட எண்ணை அதே சாக்கெட்டின், அதாவது அதே சிப்பின், மற்றக் கோர்களும் எடுத்துக்கொள்ளும். இரண்டு சாக்கெட் சர்வர்களில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. அங்கே பூட் பதிவைப் பார்த்து முடிவெடுங்கள்.

கையால் எழுதிய எண்ணும் வேகமானதுதான். ஆனால் டைமர் வழியைவிட மிச்சமாகும் நேரம் ஒன்றும் இல்லை, பராமரிப்புத் தொல்லை மட்டும் கூடும். அந்த எண் ஹெச்இசட்டோடு கட்டுண்டது. 250-க்கு எழுதிய 2,16,000 அப்படியே இருக்க, நாளை ஹெச்இசட் 1000 வைத்த கெர்னல் ஏறினால் வேண்டிய எண் 54,000. காத்திருப்பு எல்லாம் நாலு மடங்காகும். மாறி நடந்தால் கால் பங்காகும்.

டிஎஸ்18பி20 என்ற வெப்பச் சென்சாரில் இது எப்படித் தெரியும்? ஒரே ஒயரில் பேசும் அந்தச் சென்சாருக்கு ரீசெட் கொடுக்க லைனை 480 மைக்ரோ நொடியாவது கீழே பிடிக்க வேண்டும். கெர்னல் டிரைவர் 500 பிடிக்கும். கால் பங்கானால் 125தான், சென்சார் பதிலே சொல்லாது. நாலு மடங்கானால், 1 என்ற பிட்டை எழுத லைனைக் கீழே பிடிக்கும் 6 மைக்ரோ நொடி 24 ஆகிவிடும். அதற்கான வரம்பு 15, அதைத் தாண்டியதால் சென்சார் அதை 0 என்று படிக்கக்கூடும். பெட்டி எழும், நெட்வொர்க் வரும், வெப்பம் மட்டும் வராது. யாருக்கும் பூட் வரி நினைவுக்கு வராது. 4.7 கிலோஓம் ரெசிஸ்டரை மாற்றுவார்கள், ஒயரை மாற்றுவார்கள், கடைசியில் சென்சாரையே மாற்றுவார்கள். அதே எஸ்டி கார்டைக் கழற்றி 19.2 மெகாஹெர்ட்ஸ் டைமர் உள்ள பை 3-ல் போட்டாலும் இதே கதைதான்.

இன்னொன்று, எழுதிய எண் எல்லாக் கோருக்கும் ஒன்றாகவே பொருந்தும். சுற்று ஓட்டி அளக்கும் சிப்பில் பெரிய கோரும் சிறிய கோரும் கலந்திருந்தால் ஏதோ ஒரு பக்கம் தப்பும்.

டைமர் இல்லாத சிப், இனி மாறவே மாறாத கெர்னல், ஒரே மாதிரிக் கோர்கள் என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் எழுதுங்கள். அப்போதும் எண்ணை வேறெங்கிருந்தும் எடுக்காமல், எண் எழுதாமல் ஒருமுறை பூட் செய்து, பதிவில் வருவதையே எடுங்கள்.

ஏற்கெனவே எழுதியிருந்தால், பூட் பகிர்வின் சிஎம்டிலைன் கோப்பில் எல்பிஜே பகுதியை மட்டும் நீக்குங்கள். எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும், நடுவில் என்டர் தட்டிவிடாதீர்கள். ரீபூட் செய்து, பூட் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி-யில் ‘டைமர் ஃப்ரீக்வென்சி’ கொண்டு கணக்கிட்டதாக வரி வருகிறதா என்று பாருங்கள். ‘ப்ரீசெட் வேல்யூ’ என்றே வந்தால் எண் இன்னும் எங்கோ இருக்கிறது. கேவிஎம் மெய்நிகர் கணினியில் மட்டும் யாரும் எழுதாமலே அப்படி வரும். அங்கே கெர்னலே தன்னை ஓட்டும் நிஜக் கணினியான ஹோஸ்டிடம் வேகத்தைக் கேட்டு எண்ணை வைக்கிறது, அதைத் தொட வேண்டாம்.