கொழும்புப் புழுக்கத்தில் ஜி.பி.எஸ். வோச்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

கார்மின் நிறுவனத்தின் ஃபோரன்னர் 255 வோச் வெளிவந்தது 2022இல். அதற்குப் பிறகு புதிய மொடல்கள் வந்துவிட்டாலும், ஓட்டப் பயிற்சிக்கு வேண்டியது இதிலேயே இருக்கிறது: ஐந்து பொத்தான், வெயிலிலும் தெளிவாகத் தெரியும் திரை, இரட்டை அலைவரிசை ஜி.பி.எஸ். தொடுதிரை இல்லாததைக் குறை என்று சொல்லமாட்டேன். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை சொன்னபடி கேட்காது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு அப்படியே ஓடினால், கொழும்பில் பல எண்களை நம்ப முடியாது.

முதலில் தூரம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மரைன் டிரைவில் ஒருபுறம் முழுக்கக் கடல், வானம் திறந்து கிடக்கிறது, சாதாரண ஜி.பி.எஸ். முறையே போதும். கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைச் சுற்றி ஓடினால் கதை வேறு. செய்மதிச் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்துச் சுற்றுவழியாக வருவதால், வோச் உங்களை அடுத்த வீதியில் கொண்டுபோய் வைத்துவிடும். எல்1, எல்5 என்ற இரண்டு செய்மதி அலைவரிசைகளையும் எடுக்கும் இரட்டை அலைவரிசை முறை இதற்குத்தான். அதுவும் பிழையைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. ஆகவே திரையில் கண நேர வேகத்தை வைக்காமல் லாப் பேஸை (ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீற்றரின் சராசரி வேகத்தை) வையுங்கள்; ஒரு கிலோமீற்றருக்கான சராசரியில் இந்தத் துள்ளல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். புறப்படுமுன் வீட்டிலேயே போனுடன் ஒருமுறை சிங்க் செய்யுங்கள். செய்மதிகளின் இருப்பிட முற்கணிப்பு அப்போதுதான் புதுப்பிக்கப்படும். பழையதாக இருந்தால் செய்மதி பிடிபடும்வரை கேற்றடியில் நின்று நுளம்புக்கடிதான் மிச்சம்.

சுகததாச விளையாட்டரங்கு போன்ற 400 மீற்றர் ட்ராக்கில் 'ட்ராக் ரன்' முறையைத் தெரிவுசெய்து, லேன் இலக்கத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 8ஆம் லேனில் ஒரு சுற்று ஏறத்தாழ 453 மீற்றர். முதல் லேன் என்று விட்டுவிட்டு வெளி லேனில் ஓடினால் இன்டர்வெல் (வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி) கணக்கு முழுக்கப் பிசகும்.

அதிகம் ஏமாற்றுவது மணிக்கட்டில் எடுக்கும் இதயத் துடிப்பு. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் முறை இது. சூடான காலநிலை இதற்கு உண்மையில் நல்லது, ஏனென்றால் குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைந்துவிடும். எங்களுக்குப் பிரச்சினை வியர்வை. வார் வழுக்கி வோச் ஆடத் தொடங்கியதும், சென்சர் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். மெதுவான ஓட்டத்தில் 170 காட்டினால் பயப்படாதீர்கள். போனிலுள்ள அப்பில் துடிப்பு வரைபையும் கேடன்ஸ் (நிமிடத்துக்கான காலடி எண்ணிக்கை) வரைபையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் அது உங்கள் காலடிதான். மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரலகலம் தள்ளிக் கட்டி, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்குங்கள். வேகப் பயிற்சிக்கு அதுவும் போதாது, நெஞ்சுப் பட்டி வேண்டும். ஓடி முடிந்ததும் அதன் சென்சரைக் கழற்றி வையுங்கள். ஈரப் பட்டியில் கொழுவியபடி விட்டால் உடம்பில் இருப்பதாக நினைத்து அது விழித்தே இருக்கும், சி.ஆர் 2032 பற்றரி சீக்கிரம் தீரும், கொக்கிகளும் கறள் பிடிக்கும்.

பயிற்சிக் கடுமையைப் பிரித்துக் காட்டும் துடிப்பு வலயங்களை 220இலிருந்து வயதைக் கழித்து வைக்காதீர்கள். விடியற்காலையில், தனியாக, 30 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகத்தில் ஓடுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை த்ரெஷோல்டாக (நீண்ட நேரம் தாங்கக்கூடிய கடுமையின் எல்லையாக) கொடுத்து வலயங்களை அமையுங்கள். அப்படி அமைத்தாலும் நீண்ட ஓட்டத்தின் பிற்பகுதியில் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஈரப்பதன் கூடிய காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடலைக் குளிர்விக்கக் கூடுதல் இரத்தம் தோலுக்குப் போகும். ஒரு துடிப்புக்கு இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தத்தின் அளவு குறையும். இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டும். இதைப் பார்த்து வோச் வி.ஓ.2 மெக்ஸை (உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவின் மதிப்பீட்டை) குறைத்து மனதை நோகடிக்கும். வெப்பத்துக்கான திருத்தம் 22 பாகை செல்சியஸுக்கு மேல் செயற்படும், ஆனால் வெப்பநிலையைப் போன் வழியாகத்தான் பெறுகிறது. போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடுபவர்கள் புறப்படுமுன் சிங்க் செய்ய இது இன்னொரு காரணம். குளிரான மலைநகரமான நுவரெலியாவுக்குப் போய் ஓடிவந்த நாளின் எண்ணைக் கொழும்பு எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

பராமரிப்பில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: ஈரத்தோடு சார்ஜ் போடாதீர்கள். எந்த நிறுவனத்தின் வோச்சானாலும், உப்பு வியர்வை படிந்த உலோக முனைகளில் மின்சாரம் பாய்ந்தால் அரிப்புத் தொடங்கும். குழாய்த் தண்ணீரில் அலசி, அப்படியே பொத்தான்களைச் சில தடவை அமத்தி உள்ளே இருக்கும் உப்பை வெளியேற்றி, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்ட பிறகே கேபிளைச் செருகுங்கள். உயரத்தைக் கணிக்க உதவும் காற்றமுக்கமானியின் சிறு துளைகளும் இந்த அலசலில் சுத்தமாகும். அவை அடைபட்டால் காலிமுகத்திடல் போன்ற சமதரையிலும் மலையேறியதாகக் கணக்கு வரும். சிலிக்கன் வாரில் தோல் தடித்தால் 22 மி.மீ. நைலோன் வாருக்கு மாறலாம். நாற்றம் பிடிக்காமலிருக்க அதை அடிக்கடி துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பற்றரியைப் பற்றிக் கவலையில்லை. ஜி.பி.எஸ். மட்டும் என்றால் 30 மணித்தியாலம், இரட்டை அலைவரிசையில் 16 என்பது நிறுவனக் கணக்கு. தூக்க மதிப்பெண், உடற்சக்தி மதிப்பெண் எல்லாம் பொழுதுபோக்குக்குப் பார்க்கலாம்; அதை நம்பிப் பயிற்சியைக் கைவிடத் தேவையில்லை.