மலிவு விலையில் கிடைக்கும் ‘வாழ்நாள்’ விண்டோஸ் லைசென்ஸ் கீயை வாங்குவதற்கு முன்

அசல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு ‘வாழ்நாள் உரிமம்’ என்று இணையத்தில் விற்கப்படும் விண்டோஸ் லைசென்ஸ் கீ ஒன்றை வாங்கி ஏமாந்தேன். பணம் போனதோடு என் மின்னஞ்சல் கணக்கும் நான்கு நாட்கள் வேறொருவர் கையில் இருந்தது. இப்படி வாங்கியவர்களில் பலர், தாங்கள் திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தவில்லை, நல்ல பொருளைக் குறைந்த விலையில் வாங்கியிருக்கிறோம் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். நானும் ஏழு மாதங்கள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மொழிபெயர்ப்பு என் தொழில். பழைய கணினி பழுதாகி, இயங்குதளம் இல்லாத புதிய கணினி ஒன்றை வாங்கியபோது, கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த விண்டோஸைப் போட்டுத்தர நண்பர் ஒருவர் முன்வந்தார். என் மொழிபெயர்ப்புகளே அனுமதியில்லாமல் பிடிஎஃப் கோப்புகளாகச் சுற்றுவதைப் பார்த்து வேதனைப்பட்ட எனக்கு அதற்கு மனம் ஒப்பவில்லை. முழு விலையோ கைக்கு எட்டவில்லை. அந்த நேரத்தில்தான் இந்த விற்பனையாளர் கண்ணில் பட்டார். நிறுவனங்கள் பயன்படுத்தாமல் விட்ட உரிமங்களை மொத்தமாக வாங்கி விற்பதாகவும், இதை ஐரோப்பிய நீதிமன்றமே அனுமதித்திருப்பதாகவும் அவருடைய பக்கத்தில் எழுதியிருந்தது.

பணம் செலுத்திய சில நிமிடங்களில் 25 எழுத்துகள் கொண்ட கீயும், ‘ஆக்டிவேஷன் உதவி நிரல்’ (உரிமத்தைச் செயல்படுத்த உதவும் நிரல்) என்ற பெயரில் ஒரு சிறு கோப்பும் மின்னஞ்சலில் வந்தன. அந்த நிரலை இயக்கும்போது ஆன்டிவைரஸ் தவறாக எச்சரிக்கும் என்பதால் அதை அணைத்துவிட வேண்டும் என்று கூடவே ஒரு குறிப்பும் இருந்தது. அந்த வரியைப் படித்தவுடனே நான் நிறுத்தியிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருள் என்ற எண்ணமே என் சந்தேகத்தை அடக்கிவிட்டது. இலவசமாகக் கிடைத்த கிராக் கோப்பு இதையே கேட்டிருந்தால் நிச்சயம் தயங்கியிருப்பேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள், திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான எழுத்துகள் தோன்றின. விற்பனையாளருக்கு மூன்று முறை எழுதியும் பதில் வரவில்லை. பிறகு, விவரம் தெரிந்த ஒருவர் சொன்னபடி, கட்டளைச் சாளரத்தில் உரிம விவரங்களைக் காட்டும் ‘எஸ்எல்எம்ஜிஆர்’ கட்டளையை ‘டிஎல்வி’ என்ற தெரிவோடு (slmgr /dlv) கொடுத்துப் பார்த்தேன். தனிநபருக்கு விற்கப்படும் உரிமமாக இருந்தால் ‘ரீட்டெயில்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்று இருந்தது.

கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளை உள்ளேயே ஒரு சர்வரை வைத்து ஆக்டிவேட் செய்துகொள்வதற்காக மைக்ரோசாஃப்ட் வகுத்த முறை. ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் அது 180 நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் கணினி அந்த சர்வரை மறுபடி தொடர்புகொண்டால் காலக்கெடு புதுப்பிக்கப்படும், இல்லையென்றால் காலாவதியாகும். எனக்கு வந்த நிரல் செய்த வேலை, என் கணினியை அந்த விற்பனையாளர் எங்கோ வைத்திருந்த சர்வரோடு கோத்துவிட்டதுதான். அவர் அதை மூடினார். என் ‘வாழ்நாள்’ முடிந்தது. இதைவிட மனத்தை அறுத்தது வேறொன்று. கேஎம்எஸ் கிளையன்டுகளுக்கான பொதுக் கீகளை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. அவற்றைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் ஆக்டிவேட் செய்ய முடியாது என்பதால் அவற்றை ஒளித்து வைக்கும் தேவை இல்லை. என் மின்னஞ்சலில் இருந்த 25 எழுத்துகளை அந்தப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பணம் போனதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். கணினியைச் சோதித்தபோது, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபென்டரின் விலக்குப் பட்டியலில், அதாவது சோதிக்க வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்களின் பட்டியலில், சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. நிரலை இயக்கியபின் நான் ஆன்டிவைரஸை மறுபடி இயக்கியது உண்மை. ஆனால் அது ஏழு மாதங்களாக அந்த டிரைவில் எதையும் பார்க்காமலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதே வாரத்தில் என் மின்னஞ்சல் கடவுச்சொல் மாற்றப்பட்டு, என் பெயரில் வாடிக்கையாளர்கள் இருவருக்குப் பணம் கேட்டுக் கடிதம் போனது. இதற்கும் அந்த நிரலுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேஷன் கருவியின் பெயரில் வலம்வந்த போலி நிறுவிகள், கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பாட் நிரலைச் சுமந்து வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தியிருக்கிறார்கள்.

விற்பனையாளர் காட்டிய நீதிமன்றத் தீர்ப்பையும் பிறகு தேடிப் படித்தேன். பயன்படுத்திய மென்பொருள் உரிமங்களை மறுவிற்பனை செய்யும் யூஸ்டுசாஃப்ட், மென்பொருள் தயாரிக்கும் ஆரக்கிள் ஆகிய நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அது. காலவரையறையின்றி விற்கப்பட்ட உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று அது சொல்வது உண்மைதான். ஆனால் விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்றும், பலருக்காக வாங்கிய ஓர் உரிமத்தைத் துண்டு போட்டு விற்கும் உரிமை அவருக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பாதியை விற்பனையாளர் சொல்லவில்லை.

விலையைப் பற்றிய என் மனக்குறை இன்னமும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணினித் தயாரிப்பாளர்கள் மொத்தமாகப் பெறும் விலைக்கும் தனியொருவர் கொடுக்க வேண்டிய விலைக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் இத்தகைய விற்பனையாளர்கள் பிழைக்கிறார்கள். இது இன்று தோன்றிய சிக்கலும் அல்ல. ஆல்டேர் என்ற ஆரம்பகாலத் தனிநபர் கணினியை வைத்திருப்போரில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே, அதற்காக மைக்ரோசாஃப்ட் எழுதிய ‘பேசிக்’ என்ற நிரல்மொழி மென்பொருளை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று 1976 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த பேசிக், நினைவகப் பலகையோடு சேர்த்து வாங்கினால் மலிவாகவும் தனியாக வாங்கினால் பல மடங்கு விலையிலும் விற்கப்பட்டது. அந்தப் பலகைகளோ அடிக்கடி பழுதாகும் தரத்தில் இருந்தன. அவர் வருத்தத்திலும் நியாயம் இருந்தது, வாங்குவோர் குறையிலும் நியாயம் இருந்தது. ஆனால் நான் கொடுத்த பணத்தில் மென்பொருளை எழுதியவர்களுக்கு ஒரு காசும் சேரவில்லை, எனக்கும் வாடிக்கையாளர் என்ற எந்த உரிமையும் கிடைக்கவில்லை. கிராக் பிரதியின் எல்லாக் கேட்டையும் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அட்டை வழங்கிய வங்கியில் புகார் செய்தேன். பணப் பரிமாற்றத்தை எதிர்த்து முறையிடும் காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள். 180 நாட்கள் ஓடும் ஆக்டிவேஷன் விற்பவருக்கு எவ்வளவு வசதியானது என்பது அப்போதுதான் புரிந்தது. ஆகவே, ஏற்கெனவே இப்படி ஒரு கீ வாங்கியிருப்பவர்கள் இன்றே அந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ‘கேஎம்எஸ் கிளையன்ட்’ என்று வந்தால், திரையில் எழுத்துகள் தோன்றும்வரை காத்திருக்காமல், முறையிடும் காலம் இருக்கும்போதே வங்கிக்கு எழுதுங்கள். டிஃபென்டரின் விலக்குப் பட்டியலையும் திறந்து பாருங்கள். அதில் நீங்கள் சேர்க்காத எதுவும் இருந்தால், கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றிவிட்டு, டிஸ்கை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ் திரையின் மூலையில் எழுத்துகளைக் காட்டும், பின்னணிப் படத்தை மாற்ற விடாது. முழு விலைக்குப் பணம் சேரும்வரை நான் அதைத்தான் பயன்படுத்திவருகிறேன்.