பர்மிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் சைக்கிள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மேட்டு நிலத்தில் அமைந்த ஊர். எந்தத் திசையில் மிதித்தாலும் ஓர் ஏற்றம் வந்து மூச்சு வாங்க வைக்கும். கால்வாய்க் கரைக்கு இறங்கிவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பல ஆண்டுகளாக வேலைக்கும் ஊர் சுற்றவும் இந்தக் கரைகளைத்தான் நம்பியிருக்கிறேன்.

இவை நிலக்கரிப் படகுகளை இழுத்த குதிரைகளுக்காகப் போடப்பட்ட பாதைகள். இவற்றின் நிறை, குறை எல்லாம் அதிலிருந்தே வருகின்றன. பாலத்தடியில் பாதை சட்டென்று ஒடுங்கும். வளைவுக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. பழைய பாலங்களின் விளிம்பிலுள்ள இரும்பைக் கவனியுங்கள், கயிறு உரசி உரசி விரல் பதியும் அளவுக்குத் தடம் விழுந்திருக்கும். சரிவுகளில் குறுக்கே துருத்தி நிற்கும் செங்கல் வரிகள் குளம்பு வழுக்காமல் இருக்க வைத்தவை. ஒல்லி டயரில் அவற்றின் மேல் ஏறினால் பல் கிடுகிடுத்துவிடும். மழை நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல்.

என் ஓட்டு வோல்வர்ஹாம்ப்டன் போகும் வழிக்கு. 1769இல் முதல் பகுதி திறக்கப்பட்ட, பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியின் கால்வாய் மேடுகளைச் சுற்றி வளைந்து வளைந்து போனது. 1820களில் இன்னொரு பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு வந்து, மேட்டையே வெட்டிப் புதிய கால்வாயை நேராகக் கொண்டுபோனார். அகலமான கால்வாய், இரு கரையிலும் பாதை. ஸ்மெத்விக் அருகே ஆழமான வெட்டுக்குள் போகும்போது, 1829இல் கட்டிய கால்டன் பாலம் ஒரே வார்ப்பிரும்பு வளைவாகத் தலைக்கு மேலே தாண்டிப் போகிறது. அங்கே நிற்காமல் போக எனக்கு இன்னும் மனம் வருவதில்லை. வெயில் எட்டாத இடம் என்பதால், குளிர்காலத்தில் அங்கே பிரேக்கைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

தெற்கே பல்கலைக்கழகம், போர்ன்வில் பக்கம் செல்லும் வூஸ்டர் கால்வாய்க் கரையில் தளம் அருமை. ஆனால் காலையில் கூட்டம் தாங்காது. பாதி பேர் காதில் பாட்டு ஓடுகிறது, மணி அடித்தாலும் விழாது. நடப்பவர்களுக்கே முன்னுரிமை என்பதால் கோபப்பட்டுப் பயனில்லை. அவசரமான நாளில் ஏ38 சாலையோரம் செல்லி ஓக் வரை போகும் தனி சைக்கிள் தடத்துக்கு மாறிவிடுகிறேன். 2019இல் திறந்த அந்தத் தடத்தில் சிக்னல் உண்டு, ஏற்றம் உண்டு. ஆனாலும் வேகமாகப் போகலாம்.

நகர மையத்திலிருந்து இறங்கும் ஃபார்மர்ஸ் பிரிட்ஜ் பகுதியில் படகுகளை ஏற்றி இறக்கும் 13 லாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. பார்க்க அழகு, ஓட்டச் சள்ளை.

கரையோர முள்வேலியை வெட்டிவிடும் பருவத்தில் பஞ்சர் நிச்சயம். பராமரிப்புக்காகப் பாதையை அடைத்தால் மாற்றுவழிப் பலகை முதல் தெருமுனை வரை கூட வரும், அப்புறம் காணாமல் போய்விடும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நகர மையத்தைத் தாண்டினால் பெரும்பாலும் விளக்கு கிடையாது. அந்த மாதங்களில் வீடு திரும்ப எனக்குச் சாலைதான்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு: கொஞ்சம் தடித்த டயர், முழு மட்கார்டு, நல்ல மணி. அகலமான கைப்பிடி வேண்டாம், பாலத்தடியில் சுவரை உரசும்.