பறக்கும் ஓணான் நடை: ஐந்துக்கு நான்கு

கர்நாடகத்தில் ஆகும்பே பக்கம் நாங்கள் தங்கிய ஹோம்ஸ்டேயில், பாக்குத் தோப்புக்குள் கூட்டிப்போய்ப் பறக்கும் ஓணான் காட்டுகிறார்கள். தலைக்கு முந்நூறு ரூபாய். டிசம்பரில் போனோம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கே எழுப்பிவிட்டார்கள். பனி சொட்டச் சொட்ட மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். உடம்பில் வெயில் ஏறினால்தான் ஓணானுக்கு நடமாட்டமே, இது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வைத்த நேரத்தையே இதற்கும் வைத்துவிட்டார்கள் போல.

ஒன்பதரைக்கு மரத்தில் வெயில் விழுந்ததும் வழிகாட்டி அண்ணன் "அதோ" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாக்கு மரத்தில் சாம்பலும் வெள்ளையும் பூத்த திட்டுகள் இருக்குமே, அதில் ஒரு திட்டு திடீரென்று தாடைக்குக் கீழே மஞ்சளாக எதையோ நீட்டி மடக்கியது. ஆண் ஓணானின் கழுத்துத் தோலாம். மொத்தமே ஒரு சாண் நீளம், அதிலும் பாதிக்கு மேல் வால்.

அப்புறம் எறும்புகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே மேலே ஏறித் தாவியது பாருங்கள், விலா எலும்புகள் குடைக்கம்பி மாதிரி விரிந்து இரண்டு பக்கமும் தோல் இறக்கையாகிவிட்டது. சிறகடிப்பு கிடையாது, வெறும் சறுக்கல்தான். அடுத்த மரத்தில் தாழ்வாக ஒட்டிக்கொண்டு மறுபடி ஏறத் தொடங்கியது. அண்ணன் தன் போனில் எடுத்த ஸ்லோமோஷனைக் காட்டினார்: முன்னங்கால்கள் அந்தத் தோலின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்கின்றன. இதே இனத்தை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. இதற்கே முந்நூறு ரூபாய் தகும்.

பாதையை விட்டு இறங்கினால் மனிதர் திட்டுகிறார். பெண் ஓணான் முட்டையிடத்தான் தரைக்கு வரும், மூக்கால் மண்ணைக் குடைந்து முட்டையிட்டு மூடிவிட்டு ஏறிவிடும், மிதித்தாலும் நமக்குத் தெரியாது. நியாயமான திட்டுதான். கன்னடத்தில் இதற்கு 'ஹாருவ ஓதி' என்று பெயராம். ஓதி என்றால் நம்ம ஊர் ஓந்திதான், வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

கொடுக்கிற பைனாகுலர் ஒரு கண்ணுக்கு மங்கல், சொந்தமாக இருந்தால் எடுத்துப் போங்கள். ஆறு மணிக்கு எழுப்பினால் டீயைக் குடித்துவிட்டு மறுபடி படுத்துவிடுங்கள், ஒன்பதுக்குக் கிளம்பினால் போதும். உப்புப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும், டிசம்பரிலும் வாய்க்காலோரம் ஒன்றிரண்டு அட்டை ஏறியது.