நான்கு தசமதானத் தராசு: ஆறு ஆண்டுப் பாவனையின் பின்

யாழ்ப்பாணத்தில் உள்ள எமது தடயவியல் ஆய்வுகூடத்தில் 0.1 மில்லிகிராம் வரை காட்டும் பகுப்பாய்வுத் தராசு ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பாவித்து வருகிறேன். விலை கூடிய கருவிகளைப் பற்றியே எல்லோரும் பேசுவர்; ஆனால் கலவையைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராபியில் வரும் விடைகூட, இந்தத் தராசில் நிறுத்தெடுத்த நியமத்தை, அதாவது ஒப்பிடுவதற்கான தூய்மை தெரிந்த பொருளை, நம்பியே நிற்கிறது. தூய ஹெரோயின் 2 கிராமை எட்டினால் இலங்கைச் சட்டம் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ இடமளிக்கிறது என்பதை நினைத்தால், தசமதானங்களை அலட்சியம் செய்ய மனம் வராது.

தராசு கொழும்பில் அளவுத்திருத்தம் செய்யப்பட்டுச் சான்றிதழுடன் வந்தது. நாங்கள் சான்றிதழைக் கோப்பில் செருகிவிட்டு வேலையைத் தொடங்கினோம். அடுத்த வாரம் 100 கிராம் நியம நிறையை வைத்தபோது 100.0066 எனக் காட்டியது. அந்த நிறைக்கு அனுமதிக்கப்பட்ட வழு 0.16 மில்லிகிராம் மட்டுமே என்பதால், அழுக்கு ஒட்டியிருக்குமோ என்று இடுக்கியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நிறையில் குற்றமில்லை. வடக்கே வர வர புவியீர்ப்புக் கூடுகிறது. கொழும்புக்கும் எமக்கும் உள்ள அகலாங்கு வித்தியாசம் மட்டுமே 100 கிராமில் ஏறத்தாழ 7 மில்லிகிராமைக் கூட்டிக் காட்டும். வைத்த இடத்திலேயே மறுபடி அளவுத்திருத்தம் செய்ததும் அது சரியாயிற்று. இதை விற்பனையாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதைவிடத் தொல்லை தந்தது காற்று. ஒரே நிறையைப் பத்துத் தடவை நிறுத்து நியம விலகலை (வாசிப்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறுகின்றன என்பதை) கணித்தபோது 0.2 மில்லிகிராம் வந்தது. ஏசியின் காற்று நேரே மேசையில் விழுந்துகொண்டிருந்தது. உள் மூலையில் கருங்கல் பலகை போட்டு மாற்றிய பின் அது 0.07 ஆகக் குறைந்தது. விலகலை 2000 ஆல் பெருக்கினால் நம்பி நிறுக்கக்கூடிய ஆகக் குறைந்த நிறை கிடைக்கும் என்பது மருந்துத் துறையில் கைக்கொள்ளும் விதி. அதன்படி எமது எல்லை 400 மில்லிகிராமிலிருந்து 140 ஆக இறங்கியது. அதற்குக் கீழே நியமம் தேவைப்பட்டால், கூடுதலாக நிறுத்துக் கரைத்து ஐதாக்கிக்கொள்கிறோம். பிடிபட்ட சிறு பொதி 30 மில்லிகிராம்தான் என்றால் அதைக் கூட்ட முடியாது. ஆகவே அளவீட்டு நிச்சயமின்மையை, அதாவது வாசிப்பு எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதை, அறிக்கையில் சேர்த்தே எழுதுகிறேன்.

மின்சாரம் நின்று வந்த நாட்களில் தராசு பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மணித்தியாலமாவது பிடிக்கும். யூபிஎஸ் வாங்கிய பின் அந்தக் காத்திருப்பு இல்லை. மாரியில் மட்டும், கதவுத் தண்டவாளத்தில் ஈரம் படிந்து கண்ணாடி இறுகிவிடுவதால், காலையில் தூரிகையால் துடைத்த பிறகே நியம நிறையை வைத்து வாசிப்பைக் கொப்பியில் பதிகிறேன்.